மூன்று குவளை குறைவு

ஆக்ஸ்பர்க்கில், டிராம் திரும்பும் முனையில்
நொண்டி வாத்து விடுதி.
வாத்து பெயர்ப்பலகையில் நிற்கிறது, தகரம்.
காற்றடித்தால் ஒற்றைக் காலில் கிறீச்சிடும்.

முன்னால் பன்னிரண்டு அறைகள்,
பின்னால் பியர் தோட்டம்.
'வருஷம் முழுக்கத் திறந்திருக்கும்'
என்று வாசலில் எழுதியவர் கோர்பினியான்.
ஜனவரியை நினைத்து எழுதியதல்ல,
ஏதோ மே மாத மப்பில் எழுதியது.
எழுதியாயிற்று. இனி அழிப்பதாவது!

நான் குவளை கழுவுகிறவன்.
சுவரில் ஒரு சதுர ஓட்டை,
அதன் வழியே கைகள் மட்டும் வரும்.
கையை வைத்தே ஆளைச் சொல்வேன்.
மோதிரம் கழற்றிய வெள்ளைத் தடம்
போன கோடையில் புதிது.
சீட்டுப் பிடித்து வளைந்த கட்டைவிரல்
வால்புர்காவுடையது.
ஷாஃப்கோப் ஆட்டத்தில் அவள் தோற்றதாகச்
சரித்திரமே கிடையாது.

அன்று மைனஸ் ஒன்பது.
செஸ்நட் மரங்கள் மொட்டை,
பெஞ்சுகளுக்கு ஆட்டுத்தோல்,
சரளைக்கல் இருந்த இடத்தில் வெறும் பனி.
கணப்பில் பழுத்த இரும்புக் கம்பியை
ஸ்டென்கா கறுப்பு பியருக்குள் இறக்குவாள்.
சுர்ர்ர்.
கடுகில்லாத தாளிப்பு.
கருகிய சர்க்கரை வாசம்
சந்து தாண்டிப் போகும்.

எட்டு மணிக்கு நாலாம் எண் டிராம்
முனையிலேயே நின்றுவிட்டது.
மேல்கம்பி முழுக்கப் பனிக்கட்டி.
ஓட்டுநர் ஹில்ட்ரூட் இறங்கி வந்தாள்,
அவள் பின்னால் முப்பத்தெட்டுப் பேர்:
கேக் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்தவர்,
ஹாக்கி மட்டையோடு ஒரு பையன்,
ஆஸ்பத்திரிச் சீருடைக்குமேல் கோட்டு போட்டவள்,
தன்னைவிட உயரமான நிலைக்கண்ணாடியைக்
கட்டிப்பிடித்தபடி டீட்மார் என்றொரு ஆள்.

"திறந்திருக்கா?"
"பலகையைப் படிங்க" என்றார் கோர்பினியான்,
ஒன்பது வருஷமாய் இந்தக் கேள்விக்கே
காத்திருந்தவர் குரலில்.

குவளைக்கு இரண்டு யூரோ முன்பணம்.
அன்று அவர் வாங்கவில்லை.
நெருக்கி உட்கார்ந்தார்கள், இன்னும் நெருக்கி.
பெஞ்சு முனகியது.
ஹில்ட்ரூட்டுக்கு மட்டும் சூடான ஆப்பிள் ரசம்;
பணியில் இருக்கிறாளாம்,
அசையாத டிராமுக்கும் ஓட்டுநர் ஓட்டுநர்தானாம்.
கேக் வெட்டப்பட்டது.
யாருடைய பிறந்தநாளோ, இந்நேரம்
எங்கோ மெழுகுவத்தியோடு காத்திருக்கும்.

வால்புர்காவின் மேசையில் நாலாவது ஆள் குறைந்தது.
டீட்மார் கண்ணாடியைக் கொண்டுபோய்
அவள் முதுகுக்குப் பின்னால்
செஸ்நட் மரத்தில் சாய்த்துவிட்டு
எதிரே வந்து உட்கார்ந்தான்.
எதேச்சையா, சாமர்த்தியமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

வால்புர்கா முதல் ஆட்டம் தோற்றாள்.
சீட்டை மாற்றச் சொன்னாள்.
இரண்டாவதும் போயிற்று.
கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்,
ஒன்றும் உதவவில்லை.
தோட்டமே எழுந்து கைதட்டியது.

நான் ஓட்டையில் குனிந்து பார்த்தேன்.
கண்ணாடியில் அவள் சீட்டுகள்,
எட்டும், பளிச்சென்று.
அவற்றுக்கு அப்பால் விளக்கும் ஆவியும்
நான் ஒருபோதும் பார்த்திராத முகங்களும்.
எல்லாவற்றுக்கும் பின்னால், வெகு சிறிதாய்,
ஒரு சதுரத்துக்குள்
முழங்கைவரை நுரையோடு ஒருவன்.
இவ்வளவு நரைத்துவிட்டதா?

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு மணியடித்தாக வேண்டும், விதி.
மணியின் நாக்கு உறைந்துவிட்டது என்றார் கோர்பினியான்.
யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

நள்ளிரவு தாண்டிக் கம்பி சரியாயிற்று.
டிராம் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு,
கண்ணாடியை நடுவில் நிற்கவைத்துக் கிளம்பியது.
எண்ணினேன். மூன்று குவளை குறைவு.
"கணக்கில் எழுதாதே" என்றார்.

மார்ச்சில் நாலாம் எண்ணில் ஏறினேன்.
ஹில்ட்ரூட்டின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
நொண்டி வாத்து முத்திரையோடு ஒன்று,
உள்ளே பேனாக்கள், பனி சுரண்டும் தகடு.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் பயணச்சீட்டைத் தேடுவதுபோல்
பைக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

மற்ற இரண்டும் எங்கே என்று தெரியாது.
வால்புர்கா இன்னமும்
அந்தச் சீட்டுக்கட்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.